நாலு பிளஸ் ஒன்று: அமெரிக்காவில் பொதுக்கொள்கை இளநிலையும் முதுநிலையும் சேர்த்துப் படிப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும், இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்க நினைப்பவர்களும் இந்தப் படிப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். விளம்பரப் பக்கங்களில் "ஒரு வருடம் மிச்சம்" என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வருடத்துக்காக மட்டும் யாரும் இதில் சேரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பது கீழே வரும்.

இது என்ன படிப்பு? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வழக்கமான பாதையில் நான்கு வருட இளநிலை, அதன்பிறகு இரண்டு வருட எம்.பி.பி. எனப்படும் பொதுக்கொள்கை முதுநிலை, ஆக ஆறு வருடம். சேர்த்துப் படிக்கும் பாதையில், இளநிலையின் நான்காவது வருடத்திலேயே எம்.பி.பி.யின் முதல் வருட வகுப்புகளில் உட்கார்ந்துவிடுவீர்கள். அந்த வகுப்புகளில் சில, அல்லது எல்லாமே, இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் சேரும். ஐந்தாவது வருடம் முழுக்க முதுநிலை. ஐந்து வருட முடிவில் கையில் இரண்டு பட்டம்.

பொதுக்கொள்கை என்றால் அரசியல் அறிவியல்தானே?

இல்லை. அரசியல் அறிவியலும் இதில் ஒரு பகுதி, ஆனால் படிப்பின் முதுகெலும்பு பொருளாதாரமும் புள்ளியியலும்தான். இதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு திணறுகிறவர்கள் நிறைய. விவாதப் போட்டியில் பரிசு வாங்கினேன், தினமும் செய்தி பார்க்கிறேன், அதனால் இது எனக்கு ஏற்ற படிப்பு என்று வருகிற பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் கிடைப்பது கட்டுரை எழுதும் வகுப்பு அல்ல, நுண்ணினப் பொருளியலும் (மைக்ரோ எகனாமிக்ஸ்), ரிக்ரஷன் என்ற புள்ளியியல் முறையும்.

வகுப்பில் எப்படி யோசிக்கப் பழக்குகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். இந்தத் துறையில் படித்த பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் கடந்து வந்த உதாரணம்தான். டென்னசி மாநிலத்தில் 1985இல் ஒரு சோதனை தொடங்கியது, பெயர் ஸ்டார். 79 பள்ளிகள், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பிள்ளைகள். குலுக்கல் முறையில் சிலரை 13 முதல் 17 பேர் கொண்ட சிறிய வகுப்பில் போட்டார்கள், மற்றவர்களை 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பில். சிறிய வகுப்பில் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் மேலே வந்தார்கள், ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. குலுக்கிப் போட்டதால், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சிறிய வகுப்பில் சேர்ந்திருப்பார்கள், அதனால்தான் மதிப்பெண் கூடியது என்று யாரும் தட்டிவிட முடியாது.

சரி, அப்படியானால் எல்லா இடத்திலும் வகுப்பைச் சிறிதாக்கிவிட வேண்டியதுதானே? 1996இல் கலிஃபோர்னியா அதைத்தான் செய்தது. மூன்றாம் வகுப்பு வரை, முப்பது பேர் அளவில் இருந்த வகுப்புகளை இருபதாகக் குறைத்தால் ஒரு மாணவருக்கு 650 டாலர் தருகிறோம் என்று மாநிலம் அறிவித்தது. பள்ளிகள் முந்திக்கொண்டு ஓடின. ஒரே கோடையில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். அவ்வளவு பேருக்கு எங்கே போவது? முறையான சான்றிதழ் இல்லாதவர்களையும் எடுத்தார்கள். வசதியான பகுதிப் பள்ளிகளில் புதிய இடங்கள் திறந்ததும் ஏழைப் பகுதிகளில் இருந்த அனுபவசாலி ஆசிரியர்கள் அங்கே மாறிப் போனார்கள். நூலக அறைகள்கூட வகுப்பறை ஆயின. எந்தப் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டம் அதிகம் உதவும் என்று டென்னசி காட்டியதோ, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் கலிஃபோர்னியாவில் பயிற்சி குறைந்த ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ஆய்வு சரி, நோக்கமும் நல்லது, செயல்படுத்திய வேகத்தில்தான் சறுக்கல். "இது வேலை செய்யுமா" என்ற கேள்வியோடு நிற்காமல், யாருக்கு, என்ன விலையில், எத்தனை மாதத்தில், ஆள் எங்கிருந்து வருவார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்கப் பழகுவதுதான் இந்தப் படிப்பு. அந்தக் கேள்விகள் உங்களுக்குச் சுவாரசியமாக இருந்தால் மேலே படியுங்கள். சலிப்பாக இருந்தால் சட்டம், இதழியல், அரசியல் அறிவியல் என்று வேறு நல்ல வழிகள் இருக்கின்றன.

எந்தெந்தப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது?

நிறைய இடங்களில். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பேட்டன் பள்ளி. ஃபிராங்க் பேட்டன் என்பவர் கொடுத்த 10 கோடி டாலர் நன்கொடையில் 2007இல் உருவானது, ஆரம்பத்திலிருந்தே ஐந்து வருடப் பாதை அதன் அடையாளமாக இருந்து வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் பள்ளி, ரட்கர்ஸ், வில்லியம் அண்ட் மேரி ஆகியவற்றிலும் இந்த வசதி உண்டு.

ஸ்டான்ஃபோர்டில் இதையே கோடெர்ம் என்பார்கள், ஆனால் அங்கே கணக்கு வேறு. ஒரு வகுப்பை இரண்டு பட்டத்துக்கும் சேர்த்து எண்ண விடமாட்டார்கள். இளநிலைக்கு 180 யூனிட் (வகுப்புகளுக்குத் தரும் அலகு, மற்ற இடங்களில் கிரெடிட் என்பார்கள்), முதுநிலைக்கு அதற்குமேல் தனியாக. ஏற்கெனவே நிறைய யூனிட் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அங்கே காலம் குறையும். அதனால் ஒரு கல்லூரியின் பக்கத்தில் "ஒருங்கிணைந்த பட்டம்" என்று பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை கிரெடிட் இரண்டு பக்கமும் எண்ணப்படும்? சில இடங்களில் மூன்று நான்கு வகுப்புகள்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்தாவது வருடமும் முந்தைய கோடையும் மூச்சு முட்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேராக இதில் சேர முடியுமா?

பெரும்பாலும் முடியாது. முதலில் இளநிலையில் சேருகிறீர்கள். மூன்றாவது வருடத்தில்தான் முதுநிலைக்கு விண்ணப்பம். அதுவும் அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் சொந்த மாணவர்களுக்கு மட்டும் திறந்து வைக்கும் கதவு இது. வெளியிலிருந்து யாரும் நான்காவது வருடத்தில் வந்து குதிக்க முடியாது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. 17 வயதில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் படிப்பு இருக்கிறதா என்பதைக் காரணங்களில் கடைசியாக வையுங்கள். மூன்று வருடம் கழித்து உங்கள் மகளுக்கு உயிரியலில் ஆர்வம் வந்திருக்கலாம், அல்லது விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். இளநிலைக்கு நல்ல கல்லூரியா, கட்டணம் கட்டுப்படியாகுமா, இந்த இரண்டும்தான் முக்கியம்.

தயாராவதற்கு என்ன படிக்க வேண்டும்? இளநிலையில் எந்த மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எடுப்பது?

மேஜர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. சுற்றுச்சூழல், சமூகவியல், பொறியியல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். ஆனால் இரண்டாவது வருடம் முடிவதற்குள் மூன்றை முடித்து வையுங்கள்: நுண்ணினப் பொருளியல், புள்ளியியல், ஒரு கால்குலஸ் வகுப்பு. ஆர் அல்லது ஸ்டேட்டா மென்பொருளில் தரவைத் திறந்து, சுத்தம் செய்து, ஒரு வரைபடமாவது வரையத் தெரிந்திருந்தால் நான்காவது வருடம் பாதி பாரம் குறையும்.

அப்புறம் எழுத்து. கல்லூரிக் கட்டுரை எழுதிப் பழகிய கைக்கு, முடிவெடுக்கும் அதிகாரிக்கு எழுதும் கொள்கைக் குறிப்பு வராது. கட்டுரையில் முன்னுரை, பின்னணி, வாதம், கடைசியில் முடிவு. கொள்கைக் குறிப்பில் எல்லாம் தலைகீழ். இரண்டு பக்கம்தான், முதல் பத்தியிலேயே "இதைச் செய்யுங்கள், இவ்வளவு செலவாகும், இதுதான் ஆபத்து" என்று சொல்லிவிட வேண்டும். படிக்கப்போகிறவர் அடுத்த கூட்டத்துக்குப் போகும் வழியில் காரில் படிப்பவர். எந்தப் புள்ளிவிவரத்தைச் சேர்ப்பது என்பதைவிட எதை வெட்டுவது என்பதில்தான் பிள்ளைகள் அழுகிற நிலைக்குப் போவார்கள். உள்ளூர் பேருந்து நேரம், பள்ளி உணவு, குப்பைக் கட்டணம் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு இப்போதே எழுதிப் பாருங்கள்.

விண்ணப்பத்துக்குப் பல இடங்களில் ஜி.ஆர்.இ. என்ற முதுநிலை நுழைவுத் தேர்வைக் கேட்பதில்லை, சொந்த மாணவர் என்பதால் விலக்கு உண்டு. மதிப்பெண் சராசரி, பரிந்துரைக் கடிதங்கள், ஏன் இந்தத் துறை என்ற கட்டுரை, இவைதான் எடை.

நான்காவது வருடம் ரொம்பக் கடினமா?

ஆமாம். கூடப் படித்த நண்பர்கள் கடைசி வருடத்தை அனுபவித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் முதுநிலைப் பாடத்தில் மூழ்கியிருப்பீர்கள், போதாக்குறைக்கு இளநிலை ஆய்வேடும் இருக்கும். வேறு ஊரில் ஒரு செமஸ்டர் படிக்கும் ஆசை இருந்தால் அதை மூன்றாவது வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

வகுப்பில் பக்கத்தில் உட்காருபவர் ஐந்து வருடம் ஊரக மருத்துவமனையில் வேலை பார்த்தவராகவோ, ராணுவத்திலிருந்து வந்தவராகவோ இருக்கலாம். அவர் கையைத் தூக்கி "நாங்கள் இதைச் செய்து பார்த்தோம், நடக்கவில்லை" என்று சொல்லும்போது 21 வயதுப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. இது அவமானம் இல்லை. அவர்களோடு குழுவேலையில் சேருங்கள், அவர்களுக்குப் புள்ளியியலில் நீங்கள் உதவலாம், உங்களுக்கு அவர்கள் களத்தைக் காட்டுவார்கள்.

பணம் எப்படி? ஒரு வருடக் கட்டணம் மிச்சம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் இடறுவது இங்கேதான்.

ஆறு வருடத்துக்குப் பதில் ஐந்து வருடம் என்று பார்த்தால் மிச்சம் உண்மைதான். ஆனால் ஐந்தாவது வருடத்தில் நீங்கள் இளநிலை மாணவர் இல்லை. இளநிலைக்காகக் கல்லூரி கொடுத்துவந்த உதவித்தொகை அநேகமாக நின்றுவிடும். அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும் மத்திய அரசிலிருந்து கிடைக்கும் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை முதல் இளநிலைப் பட்டத்துக்கு மட்டும்தான். முதுநிலைக்கு மத்திய அரசுக் கடன் உண்டு, ஆனால் 2025இல் வந்த சட்டம் அதை இறுக்கிவிட்டது. கட்டணம் முழுவதையும் கடனாக வாங்க வழிசெய்த கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குபவர்களுக்குக் கிடையாது. வழக்கமான முதுநிலைக் கடனுக்கு வருடத்துக்கு 20,500 டாலர் உச்சவரம்பு. தனியார் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு முன்னால் இது எவ்வளவு தூரம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், எந்த நாளிலிருந்து உங்களை முதுநிலை மாணவராக எண்ணுவார்கள் என்பது. சில இடங்களில் நான்காவது வருடம் முழுக்க இளநிலைக் கணக்குதான், உதவித்தொகை அப்படியே வரும். அப்படி இருந்தால் அது பெரிய வரம்: முதுநிலையின் முதல் வருடத்தை இளநிலை உதவித்தொகையிலேயே படித்து முடிக்கிறீர்கள். நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, "நான்காவது வருடத்தில் என் நிலை என்ன, ஐந்தாவது வருடத்தில் என் உதவித்தொகையில் எது நிற்கும், முதுநிலை உதவித்தொகைக்கு நான் தகுதியா" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தை போதாது.

கடைசிக் கேள்வி குறிப்பாக முக்கியம். வெளியிலிருந்து வருகிற நல்ல மாணவர்களை இழுக்க எம்.பி.பி. படிப்புகள் கட்டணத்தில் தள்ளுபடி கொடுப்பதுண்டு. ஏற்கெனவே உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்காமல் போகலாம். அதாவது, இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, பாதிக் கட்டண உதவியோடு வேறு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படிப்பதும், இங்கேயே முழுக் கட்டணத்தில் ஒரு வருடம் படிப்பதும் ஏறக்குறைய ஒரே செலவாக முடியலாம்.

பிள்ளைக்காக 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் பெற்றோர் கவனத்துக்கு: அந்தப் பணத்தை முதுநிலைக்கும் பயன்படுத்தலாம்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இது நல்லதா?

ஓ.பி.டி. எனப்படும் வேலை அனுமதி ஒவ்வொரு பட்ட நிலைக்கும் 12 மாதம். இளநிலை முடித்து வேலை, பிறகு முதுநிலை முடித்து மறுபடி வேலை என்று போகிறவருக்கு இரண்டு முறை கிடைக்கும். நேராக ஐந்தாவது வருடத்துக்குள் போகிறவர் நடைமுறையில் முதுநிலைக்கான ஒன்றைத்தான் பயன்படுத்துவார்.

அதைவிட முக்கியம் ஸ்டெம் குறியீடு, அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த படிப்பு என்பதற்கான எண். ஸ்டெம் பட்டம் என்றால் கூடுதலாக 24 மாதம். வழக்கமான பொதுக்கொள்கைப் பட்டம் ஸ்டெம் கணக்கில் வராது. தரவு, பொருளாதார அளவியல் பக்கம் சாய்ந்த சில முதுநிலைப் படிப்புகளை மட்டும் பல்கலைக்கழகங்கள் ஸ்டெம் குறியீட்டின் கீழ் வைத்திருக்கின்றன. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் என்ன குறியீடு வரும் என்பதைச் சேரும் முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். மூன்று வருடத்துக்கும் ஒரு வருடத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

வேலை அனுபவமே இல்லாமல் முதுநிலைப் பட்டம் வாங்குவதில் பயன் உண்டா?

என்னைக் கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் முதலில் ஒன்றிரண்டு வருடம் வேலை பார்ப்பது நல்லது. முனிசிபல் அலுவலகமோ சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகமோ தொண்டு நிறுவனமோ, எங்கேயாவது. ஒரு நலத்திட்டத்துக்கு விண்ணப்பிக்க வரும் அம்மாவுக்கு எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் புரியவில்லை என்பதைக் கவுன்டரில் உட்கார்ந்து பார்த்தவர், அந்தத் திட்டத்தைப் பற்றி வகுப்பில் படிக்கும்போது வேறு மாதிரிப் படிப்பார்.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. பள்ளிக் காலத்திலிருந்தே ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள், வீட்டுவசதியோ சிறைச் சீர்திருத்தமோ குடிநீரோ, ஒவ்வொரு கோடையிலும் அதிலேயே இன்டர்ன்ஷிப் செய்தவர்கள், அவர்களிடம் "இரண்டு வருடம் காத்திரு" என்று சொல்லமாட்டேன். தரவு ஆய்வில் கை நன்றாக ஓடுபவர்களுக்கும் இது சரியான பாதை, ஏனென்றால் அவர்கள் போகும் ஆய்வு நிறுவனங்கள் அனுபவத்தைவிடத் திறமையைப் பார்க்கின்றன.

"வேலை கிடைக்கவில்லை, அதனால் இன்னொரு வருடம் படித்துவிடலாம்" என்ற காரணத்துக்காக மட்டும் சேராதீர்கள். ஒரு வருடம் கழித்து அதே வேலைச் சந்தை, கூடவே கடனும்.

படித்து முடித்தால் என்ன வேலை?

அமெரிக்க மத்திய அரசில் ஒரு தெளிவான கணக்கு உண்டு. இளநிலைப் பட்டத்தோடு போனால் ஜி.எஸ்.-5 என்ற ஊதியப் படி, நல்ல மதிப்பெண் இருந்தால் ஜி.எஸ்.-7. முதுநிலைப் பட்டம் இருந்தால் ஜி.எஸ்.-9இல் நுழையத் தகுதி. ஐந்து வருடத்தில் அந்தப் படிக்கு வருவது இந்தப் பாதையின் கண்ணுக்குத் தெரியும் லாபங்களில் ஒன்றாக இருந்தது. ஆனால் முதுநிலை மாணவர்களை நேரடியாக அரசுக்குள் கொண்டுவந்த, 1977இல் தொடங்கிய பிரசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெலோஸ் திட்டம் 2025 பிப்ரவரியில் ஒரு நிர்வாக உத்தரவால் முடித்துவைக்கப்பட்டது. மத்திய அரசு வேலைகளும் சுருங்கியிருக்கின்றன. குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே ஏறக்குறைய மூடியதுதான்.

மாநில, நகர அரசுகளைப் பலர் கவனிப்பதே இல்லை, அது பெரிய இழப்பு. கலிஃபோர்னியாவில் 1941 முதல் இயங்கும் சட்டமன்றப் பகுப்பாய்வு அலுவலகம் மாதிரியான இடங்களில் ஓர் இளம் ஆய்வாளர் எழுதும் குறிப்பு நேராகப் பட்ஜெட் விவாதத்துக்குப் போகும். இவை தவிர அர்பன் இன்ஸ்டிட்யூட், ராண்ட் போன்ற ஆய்வு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள்.

இந்தியா திரும்பினால் மதிப்பு உண்டா? ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு உதவுமா?

குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் போதும், முதுநிலைக்குத் தனி மதிப்பெண் கிடையாது. விருப்பப் பாடங்களில் பொது நிர்வாகம் இருக்கிறது, பொதுக்கொள்கை இல்லை. ஐ.ஏ.எஸ். மட்டுமே இலக்கு என்றால் இத்தனை டாலர் செலவழித்து இங்கே வர வேண்டியதில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஆய்வுத் துறையில் நிலைமை வேறு. எம்.ஐ.டி.யில் 2003இல் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் தொடங்கிய ஜே-பால் அமைப்போடு தமிழ்நாடு அரசு 2014இல் ஒப்பந்தம் போட்டது, அரசுத் திட்டங்களைச் சோதனை முறையில் மதிப்பிடுவதற்காக. அது மாதிரியான வேலைகளுக்கு இந்தப் பயிற்சி அப்படியே பொருந்தும், தமிழில் கிராமத்து மக்களிடம் பேசத் தெரிந்தவருக்கு இன்னும் நன்றாக.

இந்தியாவிலேயே இப்படிப் படிக்க முடியாதா?

ஐந்து வருட ஒருங்கிணைந்த எம்.ஏ. நமக்குப் புதிதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2006 முதல் பல வருடம் வளர்ச்சி ஆய்வியலில் அப்படி ஒரு படிப்பு நடந்தது, இப்போது அது இரண்டு வருட எம்.ஏ. ஆகிவிட்டது. பொதுக்கொள்கைக்கென்றே பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியில் இரண்டு வருட முதுநிலை இருக்கிறது. நான்கு வருட இளநிலை முடித்தவர்கள் ஒரே வருடத்தில் முதுநிலை முடிக்கலாம் என்று யு.ஜி.சி.யும் வழி திறந்திருக்கிறது. குடும்பத்தின் கையிருப்பு முழுவதையும் கொட்டி அமெரிக்கா வருவதற்கு முன் இவற்றை ஒரு முறை பாருங்கள்.

நடுவில் பிடிக்கவில்லை என்றால் விலகலாமா?

விலகலாம். இளநிலைக்கான கிரெடிட்டுகள் நிறைவாகியிருந்தால் நான்காவது வருட முடிவில் பட்டத்தோடு வெளியே வந்துவிடலாம், நீங்கள் எடுத்த முதுநிலை வகுப்புகள் மதிப்பெண் பட்டியலில் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில இடங்களில் இரண்டு பட்டத்தையும் ஐந்தாவது வருட முடிவில்தான் சேர்த்துக் கொடுப்பார்கள், அங்கே நான்காவது வருடத்தில் வெளியேற இளநிலை நிபந்தனைகள் எல்லாம் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். நான்காவது வருடத்தின் முதல் செமஸ்டர் முடிவதற்குள் உங்கள் இளநிலை ஆலோசகரோடு உட்கார்ந்து, "இன்றைக்கே முதுநிலையை விட்டால் எனக்கு மே மாதம் பட்டம் வருமா" என்று கேட்டு, விடுபட்ட வகுப்பு ஏதாவது இருந்தால் அடுத்த செமஸ்டரிலேயே எடுத்து முடித்துவிடுங்கள்.